நூரும் நூறும்

காரின் பொனட்டைத் திறந்து வைத்தால் போதும், ஊரில் எல்லாருமே வைத்தியர்கள்தான். குண்டசாலையில் அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான் ஆயிற்று. விமலநாதன் தன் பழைய ஜப்பான் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, பொனட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்துவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தார். பாண் ரொட்டி விற்க வந்தவர் த்ரீவீலை நிறுத்தி எட்டிப் பார்த்து, "கேஸ் முடிஞ்சிருக்கும் சேர்," என்றார். எதிர்வீட்டுப் பழைய தபால் அதிபர் மதிலுக்கு மேலால் கழுத்தை நீட்டி அதையே சொன்னார். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன பெண்மணி நிற்கக்கூட இல்லை, போகிற போக்கில் அதையே சொல்லிவிட்டுப் போனார். காருக்குள் குளிர் வரவில்லையா, கேஸ் முடிந்திருக்கும். இந்த நாட்டில் ஏசிக்கு வேறு நோயே வருவதில்லை போலும்.

"சரி, கேஸ்தான் எண்டு வைப்பம்," என்று பொனட்டுக்குள் இருந்து விமலநாதனின் குரல் வந்தது. "இண்டைக்கு அதை ஆர் அடிச்சுத் தாறது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். சித்திரைப் புத்தாண்டு பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வேலை தொடங்கும் சுபநேரம் வரும்வரை கராஜ்காரர் ஒருவரும் ஸ்பெனரைத் தொடமாட்டார்கள். பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். கண்டியில் உதிரிப்பாகம் விற்கும் கடைகள் எல்லாம் பூட்டு. வாடகைக்கு ஏசி வண்டி கேட்டால், எல்லாம் நுவரெலியா சீசனுக்குப் போயாச்சு என்று பதில். விமலநாதனின் மனைவி இராஜகுமாரி விடிந்ததிலிருந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு கெஞ்சிப் பார்த்தாள். காது சூடேறியதுதான் மிச்சம்.

உள்ளே குளிர்சாதனப் பெட்டியில் இராஜகுமாரி செய்த கலியாணக் கேக் இருந்தது. மூன்று அடுக்கு, மூன்று பெட்டி. அதற்கு இடம் பண்ணுவதற்காக வீட்டிலிருந்த மீன், மரக்கறி, தயிர்ச்சட்டி எல்லாவற்றையும் முதல் நாளே அக்கம்பக்கத்தில் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டாள். பகல் விருந்து தொடங்குமுன் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் அதை அடுக்கி வைக்க வேண்டும். விடியற்காலையிலேயே கொண்டுபோய்விடலாம் என்றால், மண்டபத்தைப் பத்து மணிக்கு முன்னால் திறக்கமாட்டார்களாம். சித்திரை வெயில், கண்ணாடி மூடிய கார், பட்டர் ஐசிங். மூன்றும் சேர்ந்தால் கேக் தாங்காது. மணப்பெண்ணுக்குக் கட்டியான சீனி ஐசிங் பிடிக்காதாம், பட்டரில்தான் வேண்டுமாம். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது. முடியாது என்று சொல்ல இராஜகுமாரிக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்குக் காரணம் இருந்தது. முந்திய வருஷத்துக்கு முந்திய வருஷம் இராஜகுமாரிக்கு வயிற்றில் ஒப்பரேஷன் ஆயிற்று. அதே வாரத்தில் விமலநாதனின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடிவிட்டார். கொள்ளி வைக்க ஆள் இல்லை. போங்க, எனக்கு ஒண்ணுமில்லை என்று அவரை இராஜகுமாரிதான் அனுப்பிவைத்தாள். அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் நாதியில்லாமல் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளிக்குத் துணையாக வந்தவள்தான் ஞானேஸ்வரி. மாத்தளைக்காரி. அதுவரை முகம்கூடத் தெரியாது. தன் தங்கச்சிக்குக் கஞ்சி கரைத்தபோது இவளுக்கும் கரைத்தாள். தலை வாரிவிட்டாள். உடுப்பை அலசிக் காயவைத்தாள். இருமல் வந்தால் தையல் பிரியாமல் இவள் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாளில் இராஜகுமாரி ஒரு சேலை வாங்கி வரச்செய்து நீட்டினாள். "இதெல்லாம் என்னத்துக்கு அக்கா, சும்மா இருங்க," என்று ஞானேஸ்வரி கையை மடக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதைக் கொடுத்து நன்றி சொல்வது என்று தெரியாமல் இராஜகுமாரி தவித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குப் பேசுவாள், பொங்கலுக்குப் பேசுவாள். சொல்ல நினைத்ததை மட்டும் சொல்லாமலே போனை வைப்பாள். இந்த மாசியில் ஞானேஸ்வரியே பேசினாள். "புள்ளைக்குக் கல்யாணம் அக்கா. கேக் நீங்க செஞ்சு தருவீங்களா? முடியாட்டிப் பரவாயில்ல, கேட்டுப் பாக்கத்தான்." போனை வைத்துவிட்டு இராஜகுமாரி சமையலறையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். கேட்க மனம் வந்ததே, அது போதும் என்று அழுதாள். இப்போது அந்தக் கேக் வத்துகாமம் ஏற்றத்தில் வழிந்து, ஞானேஸ்வரியின் சபையில் மாவுக் குழம்பாகப் போய் நிற்குமா? அதற்கு இராஜகுமாரி மாத்தளைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமலே இருந்துவிடலாம்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லவா," என்றாள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு. "கேஸ் கீஸெல்லாம் எனக்குத் தெரியாது. முன்னால எல்லாம் ஏசியப் போட்டா முன்பக்கத்தில டக்குன்னு ஒரு சத்தம் வரும். நாக்கச் சொடுக்கின மாதிரி. அது வந்த பிறகுதான் குளிரும். நேத்துலருந்து அந்த டக் இல்ல."

விமலநாதன் தலையை வெளியே எடுத்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "ஓம், அது கம்பிரசர் கொழுவிற சத்தம்," என்றார். "அது கொழுவேல்லை எண்டால் கரண்ட் போகேல்லை எண்டும் இருக்கலாம். கேஸ் இல்லாட்டியும் கொழுவாதுதான். எதுக்கும் கரண்டை முதலில பாப்பம். உமக்கு நல்ல காது."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளைப் பாராட்டிய சந்தர்ப்பங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பியூஸ் பெட்டியைத் திறந்து ஏசி பியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே இழை அறுந்திருக்கவில்லை. திரும்பப் பூட்டினார். வயர் எங்காவது கழன்றிருக்கிறதா என்று தடவிக்கொண்டே போனார். இராஜகுமாரிக்கு அங்கே நிற்க நேரமில்லை. உடைந்தால் ஒட்டுவதற்கு மேலதிகமாக ஐசிங் அடித்து வைக்க வேண்டும். அவள் உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாயிஸ் வந்து சேர்ந்தான். மடவளைக்காரன், குண்டசாலைச் சந்தியில் த்ரீவீல் ஓடுகிறவன். இராஜகுமாரியின் பிறந்தநாள் கேக்குகளை ஒரு பூ கலையாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன்தான். ஒன்றும் சரிவராவிட்டால் காருக்குள் ஐஸ் கட்டிகளை வைத்து ஓட்டிவிடலாம் என்று அவனிடம் ஐஸ் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கொண்டுவந்தான். சாக்கை அவிழ்த்ததும் மீன் மணம் லேன் முழுக்கப் பரவியது.

"எங்க தம்பி வாங்கின இத?" என்று குசினி ஜன்னலால் கேட்டாள் இராஜகுமாரி.

"மீன் கடையில அக்கா. இண்டக்கி வேற எங்க ஐஸ் ஈக்கி?"

சுறா மணக்கும் கலியாணக் கேக்கை நினைத்துப் பார்த்துவிட்டு அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஐஸ் மதிலோர வடிகானில் கிடந்து உருகியது. பாயிஸ் காரைச் சுற்றி ஒரு வலம் வந்து, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "கேஸ் முடிஞ்சீக்கி சேர்," என்றான்.

"நீர் ஒராள்தான் பாக்கியாய் இருந்தீர்," என்றார் விமலநாதன். "உதில ஏறி இரும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும். நான் சொல்லச் சொல்லச் செய்யும்."

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். விமலநாதன் கண்டிக்கு வந்து வாழ்நாளில் பாதி போய்விட்டது. சிங்களம் நன்றாகப் பேசுவார். மலையகத்துப் பெண்ணைக் கட்டியதில் அவள் பேச்சும் அவருக்கு அத்துபடி. ஆனால் தன் வாயில் யாழ்ப்பாணப் பேச்சை அவர் விடவில்லை, அதிலும் ஒரு சொல்லை விடவே இல்லை. எதையும் அவர் அணைக்கவோ நிறுத்தவோ மாட்டார், நூர்ப்பார். விளக்கை நூரும், அடுப்பை நூரும், ரேடியோவை நூரும். இராஜகுமாரி தன் தம்பி வீட்டு நியாயத்தை நீட்டிப் பேசினால், "காணும், நூரும்," என்பார். கலியாணமான புதிதில் அவளும் இந்தச் சொல்லில் வழுக்கி விழுந்தவள்தான். இப்போது பழகிவிட்டது. பாயிஸுக்குப் பழக்கமில்லை.

விமலநாதன் என்ஜினுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டியில் பாதியளவில் கறுப்புக் கறுப்பாகச் சில கட்டிகள் இருந்தன. ரிலே என்பார்கள். நாம் உள்ளே பொத்தானை அமத்தினால், இது துடித்து அந்தந்தச் சாமானுக்குக் கரண்டைத் திறந்துவிடும். மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து ஏசிக்குரியதைத் தேடிப் பிடித்தார். உள்ளங்கையை அந்த வரிசையின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு விரலை அந்தக் கட்டியில் ஊன்றினார். "ஏசியைப் போடும்," என்று கத்தினார். பாயிஸ் போட்டான். விரலுக்கடியில் அசுமாத்தமே இல்லை.

"சரி, இப்ப ஏசியை நூரும்."

என்ஜின் இரைச்சலில் பாயிஸின் காதில் விழுந்தது நூறு. நூறும். ஏசியை நூறும் வைக்கட்டாம். சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காற்றுக் குமிழைக் கடைசிவரை திருகினான். உள்ளே காற்று ஹோவென்று இரைந்தது.

"நூரும் எண்டெல்லே சொல்லுறன்," என்றார் விமலநாதன், தலையை நிமிர்த்தாமல். "எல்லாத்தையும் நூரும்."

எல்லாவற்றையுமா? பாயிஸ் சேரின் கட்டளையை மீறுகிறவன் அல்ல. ரேடியோவை நூறாக்கினான். சூரியன் எப்.எம்.மோ எதுவோ, ஒரு விளம்பரம் லேனையே பிளந்தது. வைப்பர் இரண்டும் காய்ந்த கண்ணாடியில் பேய் பிடித்ததுபோல் ஆடின. முன்விளக்கு எரிந்தது.

"ஐசே, உமக்கு விளங்கேல்லையோ? நூரும், நூரும்."

இன்னும் என்ன பாக்கி என்று பார்த்தான். காலடியில் அக்சிலேட்டர் இருந்தது, மிதித்தான். கைக்கு ஹோன் இருந்தது, உள்ளங்கையால் அமத்திப் பிடித்தான்.

விமலநாதன் துள்ளி எழும்பினார். பொனட்டின் விளிம்பில் மண்டை அடிபட்டது. எதிர்வீட்டுத் தபால் அதிபர் மதிலுக்கு மேலால் மறுபடி முளைத்தார். இராஜகுமாரி ஐசிங் கரண்டியும் கையுமாக, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடிவந்து, கதவுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகினாள். எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின.

"நூரும் எண்டால் நூக்கிறதுதானே," என்றார் விமலநாதன் மண்டையைத் தடவிக்கொண்டு.

"நூறுன்டுதானே சேர் சொன்னீங்க. நூறுலதானே வெச்சேன்," என்றான் பாயிஸ். பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இராஜகுமாரிக்கு விளங்கிவிட்டது. கேக் உருகப்போகிறது, மானம் போகப்போகிறது, மணி ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனைக்கும் நடுவில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. காரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அவர் அணைக்கச் சொல்றாரு தம்பி. அவங்க ஊர்ல அணைக்கிறதுக்கு நூக்கிறதுன்னுதான் பேரு."

பாயிஸ் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் விமலநாதன் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறுங்கோ," என்றார். "பாயிஸ், சாவியைத் திருப்பும். ஹோனை இன்னொருக்கா அடியும்."

அடித்தான். உள்ளங்கையின் கீழ் ஒரு கட்டி டக்கென்று துள்ளியது. அது ஏசிக்குப் பக்கத்திலிருந்த கட்டி. முதல் தடவை துள்ளியபோதுதான் அவர் பயந்து தலையை இடித்துக்கொண்டார்.

"இது ஹோன்ர. இது துடிக்குது. இது ஏசியின்ர. இது செத்துப்போய்க் கிடக்குது." குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இஞ்சரும், ரெண்டும் ஒரே அச்சு. ஒரே இலக்கம்கூட."

இரண்டையும் பிடுங்கினார். ஹோனுடையதை ஏசியின் குழியிலும், ஏசியினுடையதை ஹோனின் குழியிலும் பூட்டினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, "இப்ப ஏசியைப் போடும்," என்றார்.

டக்.

இராஜகுமாரிதான் முதலில் கேட்டாள். கரண்டி பிடித்த கையால் நெஞ்சைத் தொட்டதில் சட்டையெல்லாம் ஐசிங். சற்று நேரத்தில் பாயிஸ் காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் கையைப் பிடித்து, "அல்லாவே, விறைக்கிது சேர்," என்றான். அவள் மறுபக்கக் கதவால் ஏறி முகத்தை அந்தக் காற்றில் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உச்சி குளிர்ந்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அவளுக்கு அது நடந்தது. கேஸும் முடியவில்லை, ஒரு மண்ணும் முடியவில்லை. முருகா, நீ நல்லாயிருக்கணும் என்று சாமியையே வாழ்த்தினாள்.

அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. விமலநாதன் ஸ்டியரிங்கில் கை வைத்து ஹோனை அமத்தினார். சத்தமில்லை. வரவும் வராது, அதன் உயிரைப் பிடுங்கித்தானே ஏசிக்குக் கொடுத்திருந்தார். மற்றக் கட்டிகளில் ஒன்றாவது பொருந்துமா என்று பார்த்தார். ஒன்று பெரிது, மற்றவற்றின் கால்களே வேறு மாதிரி.

"ஹோன் இல்லாமல் நான் அந்த றோட்டில ஓடமாட்டன்," என்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மனுஷன் மேடு பள்ளம் இல்லாத ஊரில் சைக்கிள் ஓடி வளர்ந்தவர். மலைப்பாதை வளைவு என்றால் இன்றைக்கும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு தரம் ஹோன் அடிக்காமல் திருப்பமாட்டார். வத்துகாமம் வழியாக மாத்தளைக்கு எத்தனை வளைவு என்று அவளுக்கும் தெரியும். குளிர் இருந்தால் ஹோன் இல்லை, ஹோன் இருந்தால் குளிர் இல்லை. இராஜகுமாரி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு நான் என்னங்க சொல்வேன்," என்றாள். "கேட்டதே இது ஒண்ணுதான்."

விமலநாதன் ரிலேப் பெட்டிக்குள் மறுபடி குனிந்தார். ஆஸ்பத்திரியில் தான் இல்லாத அந்த வாரத்தை அவரும் மறந்தவர் அல்ல.

பாயிஸ் தொண்டையைச் செருமினான். "சேர், என்னட்ட ஹோன் ஈக்கி."

"உம்மட வாகனத்தில இருந்து கழட்டி இதுக்குப் பூட்ட ஏலாதப்பா."

"கழட்ட வாணாம். நான் முன்னால போறேன். வளைவுக்கு வளைவு அடிச்சிக்கிட்டே போறேன். நீங்க என்ட பின்னால வாங்க. ரெண்டும் ஒரே வாகனம்டு நெனச்சிக்கோங்க."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அதற்குள் போனை எடுத்து மனைவியுடன் பேசத் தொடங்கியிருந்தான். அன்று பகல் திகனயில் அவன் தங்கச்சி வீட்டில் குடும்பத்தோடு சாப்பாடு என்பது இராஜகுமாரிக்கு அப்போதுதான் தெரிந்தது. "குல்சும், நீங்க பஸ்ல போய்த்துத் தின்னுங்க. நான் மறுகா வாறேன். எனக்கா? இங்க கல்யாண வீடொண்டுக்கு ஹோன் அடிக்கிற வேல வந்தீக்கி." மறுமுனையில் என்ன கேள்வி வந்ததோ, அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

பின் ஆசனத்தில் இரண்டு பெட்டியும், மடியில் உச்சி அடுக்குமாக, சேலை மாற்றிவந்த இராஜகுமாரி ஏறிக்கொண்டாள். பெரஹரா ஊர்வலத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் சாட்டை அடித்துக்கொண்டு போவார்களே, அப்படிப் பாயிஸின் த்ரீவீல் முன்னால் போயிற்று. வளைவு வந்தால் பாம் பாம். சந்து வந்தால் பாம் பாம். மாடு நின்றால் அதற்கு நீளமாக ஒன்று. பின்னால் விமலநாதன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்த த்ரீவீலின் சிவப்பு முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தார். மடவளைக் கடைத்தெருவில் பாயிஸின் கூட்டாளிகள் கைதட்டி, "என்னடா, மாப்பிள்ள ஊர்வலமா?" என்று கேட்டார்கள். அவன் அவர்களுக்கும் ஒரு ஹோன் அடித்துவிட்டுப் போனான்.

வத்துகாமம் தாண்டியதும் ஒரு பஸ் பின்னால் வந்து, விமலநாதனின் மெதுவைப் பொறுக்காமல் முந்திக்கொண்டு இரண்டு வாகனத்துக்கும் நடுவில் புகுந்தது. அவ்வளவுதான், சிவப்பு முதுகு மறைந்துபோயிற்று. அடுத்த வளைவு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். விமலநாதன் வளைவுக்கு முன்னால் ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். அவர் நெற்றியில் வியர்வை. அத்தனை குளிரிலும் வியர்வை.

"எனக்கு ஏலாது," என்றார். "ஆரும் வந்தால் மோதித்தான் நிப்பம்."

நிறுத்தி வைத்த காரில் வெயில் நேரே கண்ணாடியில் விழுந்தது. கார் ஓடாததால் குளிரும் தளர்ந்து வந்தது. இராஜகுமாரி பெட்டியின் மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். ஐசிங்கில் செய்த மல்லிகை மொட்டுகளின் விளிம்பில் எண்ணெய் மினுங்கத் தொடங்கியிருந்தது. பெட்டியை ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வளைவுவரை நடந்துபோய், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, புருஷனைக் கையால் கூப்பிட வேண்டியதுதான் என்று புறப்பட்டாள். வளைவு வளைவாக இப்படி மாத்தளைவரை நடந்தாலும் நடப்பேன் என்றிருந்தது அவளுக்கு.

பாதித் தூரம் போயிருக்கமாட்டாள். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பாம் பாம்.

ஆள் தெரியவில்லை, சத்தம்தான் முதலில் வந்தது. பாயிஸ் பின்னால் பார்த்து, கார் இல்லை என்று கண்டு, திரும்பி வந்துகொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இராஜகுமாரி நடுரோட்டில் நின்று அழுதாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, "அக்கா, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்ட குரலும் இப்படித்தான் இருந்தது. கூப்பிடாமலே வந்த குரல். ஒரு பெண்ணுக்கு ஒரு பிறவியில் இத்தனை பேர் கிடைப்பார்களா என்று நினைத்தாள்.

"ஏன் அக்கா வெயில்ல நிக்கிறீங்க, ஏறுங்க," என்றான் பாயிஸ். "இனிமே பஸ்ஸுக்கு எடம் குடுக்கமாட்டேன்."

கொடுக்கவுமில்லை. உக்குவளை வருவதற்குள் அவனுடைய ஹோனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாத்தளை மண்டப வாசலில் அது கடைசியாக முனகியது ஆட்டுக்குட்டியின் சத்தம் மாதிரி இருந்தது.

மண்டபத்தில் கேக்கை அடுக்கி முடித்தபோது ஒரு மொட்டுக்கூடச் சாயவில்லை. மினுங்கிய இடத்தைக் கொண்டுவந்த ஐசிங்கால் பூசி மறைத்தாள். கோயிலில் தாலி கட்டி முடித்து மணமக்கள் வந்தார்கள். பிள்ளை கேக்கைப் பார்த்து வியந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. ஞானேஸ்வரி பட்டுச்சேலையில் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து இராஜகுமாரியின் இரண்டு கையையும் பிடித்தாள். இத்தனை காலமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்று இராஜகுமாரியிடம் இருந்தது. அதற்குப் பதிலாகக் கண்ணீர்தான் வந்தது.

"ஏன் அக்கா அழுவுறீங்க?" என்றாள் ஞானேஸ்வரி. "கேக் எவ்வளவு வடிவா இருக்கு."

"அன்னைக்கு நீங்க இல்லாட்டி," என்று தொடங்கினாள் இராஜகுமாரி.

"அட, விடுங்கக்கா. அன்னைக்கு நான், இன்னைக்கு நீங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." அடுத்த விருந்தாளியை வரவேற்க அவள் ஓடிவிட்டாள். அவள் கைச்சூடு மட்டும் இராஜகுமாரியின் கையில் இருந்தது. சொல்லாமலே சொல்லியாயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு லேசாகியது.

கேக் வெட்டியதும் நல்ல துண்டாக ஒன்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாமர நிழலில் த்ரீவீலின் பின் ஆசனத்தில் பாயிஸ் காலை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். விமலநாதன் பக்கத்தில் நின்று, எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். இராஜகுமாரி கையை நீட்டி ஹோனை அமத்தினாள்.

பாயிஸ் அடித்துப் பிடித்து எழுந்தான். "என்ன, வாகனம் வருதா?"

"கேக் வருது," என்று தட்டைக் கையில் கொடுத்தாள். "தின்னுட்டு உள்ளுக்கு வாங்க. அவங்க பந்தியில எடம் போட்டு வெச்சிருக்காங்க. உங்க வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் துண்டு எடுத்து வெச்சிருக்கேன்."

விமலநாதன் இதற்காகவே காத்திருந்தவர்போல் ஓரடி முன்னால் வந்து, பிரியாவிடைக் கூட்டத்தில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார். "தம்பி பாயிஸ், நீர் இண்டைக்குச் செய்த உதவியை நாங்கள் இருவரும் எங்கட சீவியத்தில மறக்கமாட்டம். இப்பிடி ஒரு உபகாரத்தை..."

பாயிஸுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு கையை ஆட்டினான். "சேர், அத நூத்துப் போடுங்க."

காலையிலிருந்து சிரிக்காத விமலநாதன், மாமரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இராஜகுமாரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நூக்க ஏலாது தம்பி," என்றாள். "அது நூறுலயே இருக்கட்டும்."